தங்கவயல்: சில குறிப்புகள்

நவீனத் தமிழ் மனம் எங்கே உருவாயிற்று என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஒரு சின்ன நிலப்பரப்பைத்தான் காட்டுவோம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், போனால் போகிறதென்று கும்பகோணமும் திருநெல்வேலியும். பாரதியின் ‘இந்தியா’, 1933-ல் ‘மணிக்கொடி’, 1959-ல் ‘எழுத்து’ என்று கோத்திரம் சொல்வதுபோல ஒரு வரிசையையும் ஒப்பிப்போம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இந்த வரிசை சௌகரியமானது. அதன் கடைசியில் நம் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இந்த வரிசைக்குள் வராத ஓர் ஊரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கோலார் தங்கவயல். சென்னை ராஜதானிக்கு வெளியே, மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கோரத்தில் பாறைமேட்டில் இருந்த ஊர். இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே. தமிழ்நாட்டு எல்லையும் அதிக தூரமில்லை. மூன்று பக்கமும் மொழி மாறுகிற இடத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் ஊர். தமிழ் இலக்கிய சரித்திரங்களில் இதன் பெயரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

எல்லை என்ற விஷயத்திலிருந்தே தொடங்கலாம். 1799-ல் திப்பு விழுந்தபின் பிரிட்டிஷார் மைசூரின் எல்லைகளை அளக்க ஆரம்பித்தார்கள். கிழக்கு எல்லையை அளக்க வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-ல் அவர் காதில் இந்தப் பக்கம் மண்ணில் பொன் இருக்கிறது என்ற பேச்சு விழுகிறது. கிராமத்தாருக்குச் சன்மானம் சொல்லி மண்ணை அரித்துக் காட்டச் சொல்கிறார். உரிகாமில் பெண்கள் மண்ணை நீரில் அலசிப் பொற்துகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். மாரிக்குப்பத்தில் பழைய குழிகளுக்குள் இறங்கிக் கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே கொண்டுவரும் ஆட்களைப் பார்க்கிறார். அவர்களைப் பறையர் என்று எழுதுகிறார். அதாவது தங்கத்தை வெள்ளைக்காரன் ‘கண்டுபிடித்தான்’ என்று பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில், அவன் கண்டது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் யார் என்பதையும் அவனே பதிவு செய்திருக்கிறான். நாம்தான் அந்த வரியைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியவர்கள்.

அதன்பிறகு எழுபது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த யுத்தத்திலிருந்து திரும்பி பெங்களூர் கன்டோன்மென்டில் தங்கிவிட்ட மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய், வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்புகிறார். 1875-ல் அவருக்கு இருபது வருஷக் குத்தகை கிடைக்கிறது. கையில் பணம் இல்லை. உரிமை கைமாறி, 1880-ஐ ஒட்டி லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வசம் நிர்வாகம் போகிறது. அதே சமயத்தில் நீலகிரியை ஒட்டிய பந்தலூர், தேவாலா பகுதியிலும் ஒரு தங்கப் பைத்தியம் பிடித்து லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் பங்கு விற்றன. இரண்டு மூன்று வருஷத்தில் அத்தனையும் கவிழ்ந்தன. கோலாரும் அப்படித்தான் கவிழ்ந்திருக்கும். பணம் தீரும் தறுவாயில், 1880-களின் மத்தியில், சாம்பியன் லோட் என்று பின்னால் பெயர்பெற்ற பொன்ரேகை மைசூர் மைனில் அகப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக இறங்கின. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து (இப்போது பங்காருப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு ரயில் கிளை வந்தது. 1901 கணக்கெடுப்பில் தங்கவயலின் ஜனத்தொகை 38,204. இருபது வருஷத்துக்கு முன் அங்கே ஊர் என்று சொல்ல எதுவுமில்லை.

இந்த ஜனங்கள் யார்? மேலே கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். கீழே, மிகப் பெரும்பாலும், வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். பக்கத்து ஜமீன்களிலும் மிராசு நிலங்களிலும் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு இந்த எல்லை, தாண்டக்கூடிய ஒரு கோடு. தாண்டினால் மாதச் சம்பளம். தோளில் துண்டு போட்டுக்கொள்ளலாம். தெருவில் எவனுக்கும் வழிவிட்டு ஒதுங்க வேண்டியதில்லை. 1870-களின் கடைசியில் வந்த தாது வருஷப் பஞ்சத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த நடையின் அவசரம் புரியும். இலங்கைக்கும் மலேயாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறிய அதே கூட்டத்தின் ஒரு பகுதி இங்கே ரயிலேறியும் நடந்தும் வந்தது. கப்பலேறியவர்களைப் பற்றியாவது கொஞ்சம் எழுதியிருக்கிறோம். நடந்து போனவர்கள் நம் கண்ணில் படவில்லை.

போன இடம் சொர்க்கமல்ல. கம்பெனி கட்டித் தந்த ‘லைன்’களில் மூங்கில் தட்டி வீடுகள். மேட்டில் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். அதற்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று செல்லப் பெயர். மேட்டுக்கும் லைனுக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்தச் சர்வேயரும் அளந்ததாகத் தெரியவில்லை. சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் சாம்பியன் ரீஃபில் 3,200 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடிக்கும் கீழே. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறையைக் குடைந்து இடம் வெறுமையானதும், சுற்றியிருக்கும் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர் வெடித்துச் சிதறும். இதற்கு அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உயிர் தப்பியவன் மூச்சில் போவது பாறைத்தூள். 1940-களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்த ஒரு மருத்துவ ஆய்வு அவர்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கு சிலிகோசிஸ் இருப்பதைக் கண்டது. நுரையீரல் கல்லாகிப்போகும் வியாதி. ஏறக்குறைய இரண்டில் ஒருவர்.

மறுபக்கம் ஒரு சித்திரம். 1902-ல் காவேரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாளில் உலகத்தின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். முடிந்தபோது அவர் உயிரோடில்லை. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிய 1905 ஆக வேண்டியிருந்தது. 1905-ஐ ஒட்டித்தான் தங்க உற்பத்தியும் உச்சத்தைத் தொட்டது. அந்த நாளில் ஆண்டுக்கு 19 டன் வரை. சமஸ்தானத்துக்கு ராயல்டி, லண்டன் பங்குதாரருக்கு டிவிடெண்ட். நவீனத்துவத்தைப் பற்றி நாம் பேசும்போது யந்திரம், வேகம், அந்நியமாதல் என்றெல்லாம் சொல்கிறோம். ஐரோப்பியப் புத்தகங்களிலிருந்து கடன் வாங்கிய அனுபவமாகவே அது பெரும்பாலும் நம் எழுத்தில் இருக்கிறது. நம் கவிஞர்கள் கடற்கரையில் உட்கார்ந்து யந்திர யுகத்தைச் சபித்துக்கொண்டிருந்தபோது, அதன் வயிற்றுக்குள் கூண்டில் தினம் மூன்று ஷிஃப்டாக இறங்கி ஏறியவர்கள் தமிழர்கள்தான். யந்திரம் அவர்களை நசுக்கியது. அதே யந்திரம்தான் அவர்களைச் சேரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் பாஷை இல்லாமலிருந்தது. அவர்களிடம் இருந்தது என்று எனக்குப் படுகிறது.

இங்கேதான் பத்திரிகை விஷயம் வருகிறது. நான் குடியிருக்கும் பட்டினப்பாக்கத்திலிருந்து இராயப்பேட்டை நடந்து போகிற தூரம்தான். அந்த இராயப்பேட்டையில் 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு வருஷத்துக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று. கர்னல் ஆல்காட்டோடு 1898-ல் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர் அவர். தாழ்த்தப்பட்டோர் ஆதியில் பௌத்தர்கள், சாதியற்ற திராவிடர்கள். சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின் சரித்திர ஆதாரங்களை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். தமிழ் இலக்கியப் பிரதிகளை இப்படிக் குறுக்காக வாசித்து ஒரு சமூகத்துக்குத் தன் கடந்தகாலத்தை மறுபடி எழுதிக் கொடுத்தவர் அவருக்கு முன் இல்லை. அந்தச் சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் எழுந்தன. சுரங்கத் தொழிலாளர் ஊரின் ஆதரவு பண்டிதருக்குக் கடைசிவரை இருந்தது. சென்னையில் அவருக்குக் கிடைக்காத வாசகர்கள் அவருக்கு அங்கே இருந்தார்கள். காரணம் எளிமையானது: மாதச் சம்பளம் வாங்குகிறவனிடம்தான் பத்திரிகைக்குக் கொடுக்கக் காசு இருக்கும், பண்ணையாளிடம் இருக்காது.

1914-ல் பண்டிதர் இறந்தார். பத்திரிகையும் அதன்பின் சீக்கிரமே நின்றது. சென்னை அவரை மறந்துவிட்டது. ஆனால் 1926-ல் ‘தமிழன்’ மறுபடி வெளிவரத் தொடங்கியது, தங்கவயலிலிருந்து. நடத்தியவர் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார். 1930-களின் மத்திவரை வந்தது. சித்தார்த்த புத்தகசாலை என்ற பெயரில் தங்கவயலிலிருந்தே பண்டிதரின் நூல்களும் சிறு பிரசுரங்களும் அச்சாயின. ‘மணிக்கொடி’ சென்னையில் தொடங்கிய 1933-ல், எல்லைக்கு அப்பால் ஒரு சுரங்க ஊரில் இன்னொரு தமிழ்ப் பத்திரிகை ஏழாவது வருஷமாக வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரிந்திருந்ததற்கான அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை.

நான் ‘மணிக்கொடி’யைக் குறைத்துச் சொல்லவில்லை. புதுமைப்பித்தனுக்கும் மௌனிக்கும் நாம் பட்ட கடன் பட்டதுதான். ‘தமிழ’னில் இலக்கியச் சோதனை எதுவும் கிடையாது. அதன் நடை பழைய பண்டித நடை. வாதமும் பிரதிவாதமும் நிறைந்தது. ஒரு சிறுகதையை அதில் தேடுபவன் ஏமாந்து போவான். என் கேள்வி வேறு. சிறுபத்திரிகை என்றால் என்ன என்று நாம் இத்தனை வருஷமாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறோம்: வியாபாரத்துக்கு எதிர்நிலை, குறைந்த பிரதிகள், ஒத்த மனமுடைய சிறு வட்டம், பெரும்போக்கை மறுக்கும் கருத்து. இந்த நான்கில் எது ‘தமிழ’னுக்குப் பொருந்தவில்லை? பொருந்தாதது ஒன்றே ஒன்று. அதன் வாசகர்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை. நம் வரிசையில் அது ஏன் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தென்படவில்லை. அழகியல் அளவுகோல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு அழகியல், எவ்வளவு தெரு விலாசம் என்று ஒருமுறையாவது பிரித்துப் பார்ப்பது நல்லது.

படிப்பும் பத்திரிகையும் அந்த ஊரில் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை என்பதற்கு 1930 ஒரு சாட்சி. பொன் திருட்டைத் தடுப்பதற்கென்று சமஸ்தானம் இயற்றிய சட்டம் ஏற்கெனவே பொன்மண், பாதரசக் கலவை போன்றவற்றைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. 1930-ல் தொழிலாளர் அத்தனை பேரும் விரல்ரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. விரல்ரேகை என்றால் போலீஸ், கேடி, குற்றப் பரம்பரை என்பது ராஜதானியிலிருந்து வந்த எவனுக்கும் தெரியும். எவற்றை விட்டு எல்லை தாண்டி வந்தார்களோ அவற்றில் ஒன்று அவர்களைத் தேடிக்கொண்டு வந்து நின்றது. சுமார் மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. அப்போது அங்கே அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் கிடையாது. கூலி உயர்வும் மூலப் பிரச்சினை அல்ல. நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்பதுதான். சுயமரியாதை என்ற சொல் மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அதை ஒரு ஷிஃப்டைக்கூட வேலைக்கு இறங்கவிடாமல் செய்து காட்டிய ஊர் இது. 1940-களில் சங்கங்களும் கம்யூனிஸ்டுகளும் வந்தார்கள். 1946 நவம்பர் 4-ல் ஆறு தொழிலாளர் கொல்லப்பட்டனர். பின்னால் இந்தத் தொகுதியிலிருந்து குடியரசுக் கட்சியினரும் மார்க்சிஸ்டும் அண்ணா தி.மு.க.வினரும் கர்நாடகச் சட்டசபைக்குப் போனார்கள். அந்த மாநிலத்தின் வேறெந்தத் தொகுதியிலும் இப்படியொரு கலவையைப் பார்ப்பது கஷ்டம்.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் சொத்தாயின. 1962-ல் மத்திய அரசிடம் போயின. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற கம்பெனி. இடையில் ஒரு விசித்திரம். பூமிக்கு மேலே காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் அதிகம் என்பதால் நியூட்ரினோ என்ற துகளைத் தேடும் விஞ்ஞானிகளுக்கு ஆழம் தேவைப்பட்டது. டாட்டா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலைகளும் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. 1965-ல், வாயுமண்டலத்தில் பிறந்து பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோவின் தடம் அங்கே பதிவாயிற்று. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் கண்டது. இரண்டு சுரங்கங்களையும் அந்த ஆழத்துக்குத் தோண்டிய கைகள் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் ஆசிரியர் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. உலக பௌதிக சரித்திரத்தில் தங்கவயலுக்கு ஒரு வரி இருக்கிறது, தமிழ் இலக்கிய சரித்திரத்தில் அதுவும் இல்லை என்பதைத்தான் குறித்துக்கொள்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசி வருஷங்களில் மூன்று நான்கு கிராமாக இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் நூற்றிருபது வருஷத்தில் வெளியே வந்த தங்கம் 800 டன் என்று கணக்கு. பம்புகள் நின்றதும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. லைன்களில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குக் கூலிக்கும் உத்தியோகத்துக்கும் போய் ராத்திரி திரும்புகிறார்கள். அந்த ரயிலில் ஒருமுறை நின்றுகொண்டே போயிருக்கிறேன். பெட்டி முழுக்கத் தமிழ். ஸ்டேஷன் பலகைகளில் கன்னடம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தூக்கம்தான் பிரதானமாக இருந்தது.

ஊரைச் சுற்றி இப்போது மலைபோல நிற்பவை சயனைடு மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. 3 கோடி டன்னுக்கு மேல். காற்றுக்காலத்தில் அந்த வெள்ளைத்தூள் வீட்டுச் சோற்றில் விழுகிறது. சினிமாக்காரர்கள் இங்கே வந்து பாட்டு எடுப்பார்கள். 2018-லும் 2022-லும் ‘கேஜிஎஃப்’ என்ற பெயரில் இரண்டு கன்னடப் படங்கள் வந்து தேசம் முழுக்க ஓடின. அவற்றில் ஊரின் பெயர் இருந்தது, தொழிலாளி அடிமையாக இருந்தான், அவனை மீட்க வெளியிலிருந்து ஒரு நாயகன் வர வேண்டியிருந்தது. 1930-ஐ அறிந்த எவனுக்கும் இது வேடிக்கையாகத்தான் இருக்கும். 2024-ல் வந்த ‘தங்கலா’னில் பா. ரஞ்சித் வட ஆற்காட்டிலிருந்து புறப்படும் நடையைக் காட்டினார், பௌத்தத்தையும் கொண்டுவந்தார். படமாக அதன்மேல் எனக்கு விமர்சனம் உண்டு. ஆனால் நூறு வருஷமாக எழுத்தாளர்கள் செய்யாத ஒன்றை ஒரு சினிமாக்காரர் செய்ய முனைந்தார் என்பதை மறைத்துவிட்டு அந்த விமர்சனத்தை எழுதக்கூடாது.

அதே 2024 ஜூனில், 13 கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு கர்நாடக மந்திரிசபை ஒப்புதல் தந்தது. கழித்துக் கொட்டிய மண்ணையே மறுபடி அரைத்தால் லாபம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்கத்தின் விஷயத்தில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் உடனே புரிகிறது.

அயோத்திதாசர் எழுத்துகள் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து புத்தகமாக வந்தபிறகு பண்டிதரைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது. பழைய இதழ்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் காத்தவர்களால்தான் அது சாத்தியமாயிற்று. அவர்களில் யாரும் நம் பத்திரிகைகளுக்குச் சந்தாதாரர்களாக இருந்திருக்க மாட்டார்கள். இனி வேண்டியது தங்கவயல் ‘தமிழ’னின் வருஷங்களைத் தனியாக எடுத்துப் படிப்பது: 1926-லிருந்து அங்கே எழுதியவர்கள் யார், வாசகர் கடிதங்கள் எந்த லைனிலிருந்து வந்தன, ஏர் பிளாஸ்டில் ஒருவன் செத்த வாரம் பத்திரிகை என்ன எழுதிற்று. ‘மணிக்கொடி’யின் ஒவ்வொரு இதழுக்கும் பட்டியல் போடும் பொறுமை நம்மிடம் இருந்தது. அந்தப் பொறுமையில் கொஞ்சத்தை இதற்கும் செலவிடலாம். பட்டினப்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு பஸ், அங்கிருந்து பங்காருப்பேட்டைக்கு ரயில். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.